மட்கார்டில் உட்கார்ந்து வந்தவர்

6-9-2006, புதன்

காலையிலிருந்து தூறல். கரண்ட் இரண்டு தடவை போய் வந்தது. லேமினேஷன் ரோல் தீர்ந்துவிட்டது, வாங்க வேண்டும். ஜீராக்ஸ் மெஷினில் மறுபடி கறுப்புக் கோடு. மெக்கானிக்குக்கு போன் செய்தால் ‘வந்துகிட்டே இருக்கேன்க்கா’ என்கிறான். போன வாரத்திலிருந்து வந்துகொண்டே இருக்கிறான்.

ஊர்ப் படங்கள் இன்றும் வந்தன. குமரேசன் ஆரம்பித்த வேலை. எங்கள் ஊர்ப் பையன், பள்ளிக்கூடத்தில் எனக்குக் கீழே படித்தவன், இப்போது பெங்களூரில் கம்ப்யூட்டர் உத்தியோகம். ஊருக்கென்று ஒரு வெப்சைட் வைத்திருக்கிறான். பழைய படம், பழைய நினைவு. குன்னம் பக்கமிருந்து அரியலூர் வருகிறவர்கள் பஸ் ஸ்டாண்டு அருகே என் கடையில் படத்தைக் கொடுப்பார்கள். நான் ஸ்கேன் பண்ணி அவனுக்கு அனுப்புவேன். அவன் ஏற்றுவான்.

இதுவரை வந்தது: கல்யாணப் படங்கள். பட்டாளத்துக்காரர் ஒருவர், மீசையோடு. தேர். பரிசு வாங்கிய காளை. பெரிய வீட்டு மாடி கட்டியபோது எடுத்தது.

வராதது: ஓடைக்கு அந்தப் பக்கம் இருக்கிற எங்கள் தெரு. அங்கே படம் வைத்திருப்பவர்கள் யார்? காளைக்குக்கூடப் படம் இருக்கிறது.

இன்று பெரிய வீட்டு செல்வராஜ் ஒரு கவர் கொடுத்துவிட்டுப் போனார். கறுப்பு வெள்ளை. ஊருக்கு முதல் டிராக்டர் வந்த அன்று எடுத்தது. அவருடைய அப்பா, ஊரில் ‘பெரியவர்’ என்றால் அவர்தான், மாலையோடு ஸ்டியரிங் பிடித்து உட்கார்ந்திருக்கிறார். சுற்றிலும் அவர் வீட்டு ஆட்கள். இடது ஓரத்தில் தனியாக ஒருவர். செருப்பில்லை. துண்டு இடுப்பில். கை இரண்டும் முன்னால் கட்டியபடி.

ஸ்கேன் ஆகி ஸ்கிரீனில் பெரிதாக வந்ததும் பார்த்தேன். இடது புருவத்தில் வெட்டு.

அப்பா.

முப்பது வயதுகூட இருக்காது. எங்கள் வீட்டில் இருக்கும் அப்பாவின் முதல் படமே வோட்டர் கார்டுக்கு எடுத்தது. அதில் போலீஸ் தேடுகிற ஆள் மாதிரி இருப்பார். இதில் எவ்வளவு அழகு. அழுதுவிட்டேன். பிரவுசிங்குக்கு வந்த பெண் ‘தண்ணி கொண்டாரவாக்கா?’ என்றாள்.

எனக்கென்று ஒரு பிரிண்ட் போட்டுக்கொண்டேன். செல்வராஜிடம் கேட்கவில்லை. கேட்கப் போவதும் இல்லை.

10-9, ஞாயிறு

கடை லீவு. ஊருக்குப் போனேன். குன்னம் பஸ்ஸில் நின்றுகொண்டே. அப்பா விதை வெங்காயம் பிரித்துக்கொண்டிருந்தார்.

படத்தைக் கொடுத்தேன். கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார்.

“வண்டி புதுசுல என்னா மினுமினுப்பு, பாத்தியா.”

அம்மா பிடுங்கிக்கொண்டாள். “வண்டிய வுடு. ஆளப் பாரு. இம்மாம் முடியா இருந்துச்சு இந்த மனுசனுக்கு!”

அப்பா வெங்காயத்துக்குத் திரும்பிவிட்டார். பிறகு, நேற்று என்ன குழம்பு என்று சொல்வது போலச் சொன்னார்: “திருச்சிலேருந்து ஓட்டியாந்தது நாந்தானே.”

எனக்குத் தெரியாது. இத்தனை வருடமாகத் தெரியாது. அம்மாவுக்குத் தெரியுமாம். “இதப் போயி என்னத்த சொல்றது” என்கிறாள்.

நடந்தது இது. கல்யாணத்துக்கு முன்னால் அப்பா ரெட்டிபாளையம் பக்கம் சுண்ணாம்புக்கல் லாரியில் கிளீனர். அங்கேயே ஓட்டவும் பழகிக்கொண்டார். பிறகு பெரிய வீட்டில் பண்ணை வேலை. பெரியவர் டிராக்டர் எடுக்கத் திருச்சிக்குப் போன அன்று வருவதாகச் சொன்ன டிரைவர் வரவில்லை. எடுபிடிக்குக் கூடப் போன அப்பா, நான் ஓட்டுறேன் என்றிருக்கிறார். திருச்சியிலிருந்து ஊர் வரைக்கும் அப்பா சீட்டில். பெரியவர் பக்கத்தில், பின்சக்கரத்துக்கு மேலே இருக்கும் மட்கார்டில், கம்பியைப் பிடித்துக்கொண்டு. வழியில் டீ வாங்கிக் கொடுத்தாராம். பேசிக்கொண்டே வந்தாராம். அதை அப்பா இரண்டு தடவை சொன்னார்.

ஊர் எல்லை வந்ததும் பெரியவர் சொன்னது ஒரே வார்த்தை: “எறங்கு.”

அப்பா இறங்கினார். தூசிக்காகத் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டார். பெரியவர் சீட்டில் ஏறினார். வண்டி இரண்டு குதி குதித்து நின்றுவிட்டது! மறுபடி கிளப்பத் தெரியவில்லை. அப்பாவைத் திரும்ப ஏறச் சொல்லவும் முடியாது, ஊரே பார்த்துக்கொண்டிருக்கிறது. எங்கள் தெரு ஆட்களைக் கூப்பிட்டுத் தள்ளவிட்டார்கள். பெரியவர் ஸ்டியரிங் பிடிக்க, வீடு வரைக்கும் ஆள் தள்ளி வந்து சேர்ந்தது முதல் டிராக்டர். வாசலில் போட்டோக்காரர் தயாராக நின்றிருக்கிறார். படத்தில் எஞ்சினே ஓடவில்லை.

சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலி. அப்பாவும் சிரித்தார். கடைசியில் நிறுத்திவிட்டார்.

“நீங்க சொல்லியிருக்கலாம்லப்பா, நாந்தான் ஓட்டியாந்தேன்னு.”

“யாருகிட்ட?”

கடைசி பஸ்ஸுக்கு வந்துவிட்டேன்.

13-9, புதன்

வெயில். ரோல் வாங்கியாயிற்று. மெக்கானிக் வந்துகொண்டே இருக்கிறான்.

டிராக்டர் படம் ஏறிவிட்டது. கீழே எழுதியிருப்பது: ‘எங்கள் ஊரின் முதல் டிராக்டர். ஓட்டி வருபவர் பெரியவர் அவர்கள்.’

ஓட்டி வருபவர்!

அதற்குக் கீழே வந்திருக்கும் கருத்துகள், வெளிநாட்டிலிருந்தெல்லாம்:

அந்தக் காலம் வருமா.

கண்ணில் நீர் வந்தது.

ஓரத்தில் நிற்கும் வேலையாளைப் பாருங்கள். என்ன பணிவு! இந்தக் காலத்தில் பார்க்க முடியுமா?

இந்த மூன்றாவதைப் படித்த பிறகு இரண்டு பேருக்கு பயோடேட்டா தப்பாக அடித்தேன். ஒருவருக்கு அப்பா பெயர் இடத்தில் ஊர் பெயர்.

கடைசியில் நானும் எழுதினேன். யோசித்து, சத்தம் போடாமல்: ‘திருச்சியிலிருந்து டிராக்டரை ஓட்டி வந்தவர் மாரிமுத்து. இடது ஓரம் நிற்பவர். என் அப்பா. படம் எடுத்தபோது எஞ்சின் ஓடவில்லை. துண்டு இடுப்பில் இருப்பது பணிவினால் அல்ல. ஊருக்குள் தோளில் போட்டால் உதை விழும் என்பதனால். கலாவதி, அரியலூர்.’

பெயரையும் ஊரையும் போட்டேன். மொட்டைக் கடுதாசி எழுதுகிற ஆள் நான் இல்லை.

14-9, வியாழன்

காலையில் பார்த்தால் நான் எழுதியது இல்லை. ‘என்ன பணிவு’ மட்டும் அப்படியே இருக்கிறது.

குமரேசனுக்கு போன்.

“அக்கா, கோவப்படாதீங்க. இதெல்லாம் சந்தோசமா நாலு பேரு பாக்கட்டும்னு ஆரம்பிச்சதுக்கா. கசப்பு வேணாமேன்னுதான்...”

“யாருக்குடா கசப்பு?”

“பெரிய வூட்டுலேருந்து போன் வந்துடுச்சுக்கா.”

“அப்ப படத்த எடுத்துடு.”

“அது எப்புடிக்கா எடுக்கறது? இருக்கறதுலயே அதிகம் பேரு பாத்த படம் அதுதான்.”

ஆக, அப்பா நிற்கலாம், ஓட்டக் கூடாது. பார்க்கலாம், பெயர் சொல்லக் கூடாது. குமரேசன் கெட்டவன் இல்லை. சின்ன வயதில் எங்கள் தெருப் பையன்களோடு ஓடையில் விளையாடி அதற்காக வீட்டில் அடி வாங்கியவன். அதை அவன் நினைவுகளில் எழுதியிருக்கிறானா என்று தேடினேன். ஓடை இருக்கிறது. மீன் இருக்கிறது. எங்கள் பையன்கள் இல்லை.

மத்தியானம் இரண்டு பேர் ஊர்ப் படம் கொண்டுவந்தார்கள். ஸ்கேனர் ரிப்பேர் என்றேன். அவர்கள் திரும்பியதும் எனக்கே வெட்கம். எதற்குப் பொய்? கூப்பிட்டுச் சொன்னேன்: “ஸ்கேனர் நல்லாதாங்க இருக்கு. எங்கப்பா பேரு வர்ற வரைக்கும் அந்த வெப்சைட்டுக்கு ஒரு படமும் அனுப்பறதா இல்ல.” ஒருவர் முறைத்தார். இன்னொருவர், “உங்கப்பாவா ஓட்டியாந்தாரு?” என்று கேட்டு உட்கார்ந்துவிட்டார். முழுக்கதையும் சொன்னேன். தள்ளிய இடத்தில் சிரித்தார்.

18-9, திங்கள்

புரட்டாசி பிறந்துவிட்டது. ஐப்பசி முகூர்த்தத்துக்குப் பத்திரிகை ஆர்டர் வரும் நேரம். வருடத்தில் கடை நிமிர்வது இப்போதுதான்.

செல்வராஜ் வந்தார். கடைப் பையனை அனுப்பி டீ வாங்கிவரச் சொன்னேன்.

“என்னம்மா கலா, நெட்டுல என்னமோ எழுதிப்புட்டியாமே.”

“ஆமா சார். எங்கப்பா பேர எழுதுனேன்.”

“பேரு எழுதுனா பரவால்ல. எங்கப்பாவுக்கு வண்டி ஓட்டத் தெரியாதுன்னு எழுதலாமா? செத்துப்போன மனுசன்.”

“எங்கப்பா உயிரோடதாங்க சார் இருக்காரு.”

கொஞ்ச நேரம் பத்திரிகை மாதிரிகளைப் புரட்டினார். குரலை உயர்த்தவே இல்லை.

“பாப்பாவுக்கு ஐப்பசில கல்யாணம். பத்திரிகை உங்கிட்டதான் அடிக்கிறதா இருந்துச்சு. நாங்க வந்தா ஊரே வரும். யோசிச்சுக்க.”

“யோசிச்சுட்டுதாங்க சார் எழுதுனேன்.”

போய்விட்டார். டீயைத் தொடவில்லை. நானே குடித்தேன். ஆறியிருந்தாலும் நல்ல டீ.

ஷிப்ட் முடித்து வந்த என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். “தீபாவளி வரைக்கும் பொறுத்துக்கயேன், அப்பறம் சண்ட போட்டுக்கலாம்” என்றார். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் நடுவில் சண்டை போட நாள் பார்க்க வேண்டும் போலிருக்கிறது. பேசாமல் தோசை ஊற்றினேன். பயம் இல்லை என்று எழுத மாட்டேன். இருக்கிறது. ஆனால் ஓரத்தில் நிற்கிற அந்த முகத்தைப் பார்த்த பிறகு பின்வாங்கவும் மனசில்லை.

தம்பியின் செல்லுக்கு போன் போட்டு அப்பாவிடம் கேட்டேன். “படத்தையே எடுத்துடச் சொல்லி மறுபடி கேக்கட்டாப்பா? கண்ட ஆளுங்களும் பணிவு, பணிவுன்னு எழுதறானுங்க.”

“எடுக்கச் சொல்லாத. அதுல நான் இருக்கேன்ல.”

பிறகு: “ஞாயித்துக்கெழம நம்ம காட்டுல உழவு. வாடக வண்டி வருது. நீ கேமராவ எடுத்துக்கிட்டு வா.”

24-9, ஞாயிறு

நேற்று நல்ல மழை. காட்டில் ஈரம் சரியாக இருக்கிறது. மக்காச்சோளம் போடப்போகிறார்கள். பாஸ்போர்ட் படம் எடுக்கிற கடைக் கேமராவை மழைக்குப் பயந்து மூன்று பையில் சுற்றிக் கொண்டுபோனேன்.

இரண்டு ஏக்கர். அப்பா லாரிக்குத் திரும்பப் போய், அம்மா களை வெட்டி, நாங்கள் பழைய துணி உடுத்தி வாங்கியது. பெரிய வீட்டு வரப்பு பார்வைக்கு எட்டுகிற தூரத்தில்தான்.

டிராக்டர் ஓட்டி வந்தவர் சலீம், லப்பைக்குடிகாடு. துபாயில் கிரேன் ஓட்டித் திரும்பியவராம். நான் கேமராவை எடுத்ததும் தானாகவே இறங்கினார்.

“ஐயா, நீங்க ஏறி உக்காருங்க. நான் அந்தாண்ட போயி நிக்கிறேன்.”

அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. “எறங்குன்னு ஒன்ன யாரு சொன்னா? ஏறு மேல!”

சலீம் என்னைப் பார்த்தார். நான் அப்பாவைப் பார்த்தேன்.

“ஓட்டுறவன் சீட்டுல. காட்டுக்காரன் மட்கார்டுல. திருச்சிலேருந்து அப்புடித்தான் வந்தோம். அதான் மொறை.”

சலீம் சிரித்துக்கொண்டே ஏறினார். அப்பா வலிக்கிற முழங்காலோடு மட்கார்டில் ஏற, அம்மா கீழிருந்து தாங்கினாள். துண்டை உதறித் தோளில் போட்டார். சரியில்லை என்று எடுத்து மறுபடி போட்டார். அம்மா, “அழுக்குத் துண்டு, வேற தரவா?” என்றாள். “இதே இருக்கட்டும்” என்றார்.

படத்துக்காக எஞ்சினை நிறுத்த சலீம் சாவியைத் திருப்பப் போனார். அப்பா விடவில்லை.

“நிறுத்தாத. எஞ்சின் ஓடட்டும்.”

எடுத்தேன். படம் லேசாக அதிர்ந்திருக்கிறது. புகையும் விழுந்திருக்கிறது. திரும்ப எடுக்கவில்லை. ஓடுகிற வண்டி என்று பார்க்கிறவர்களுக்குத் தெரியட்டும்.

அப்பா சிரிக்கவில்லை. கேமராவை நேராகப் பார்த்தார், அவ்வளவுதான்.

1-10, ஞாயிறு

ஆயுத பூஜை. கம்ப்யூட்டர், ஸ்கேனர், பிரிண்டர் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம். ஜீராக்ஸ் மெஷினுக்கு மட்டும் பெரிய பொட்டு, இனியாவது கோடு போடாமல் இருக்கட்டும் என்று. பொரி, கடலை, அவல், சர்க்கரை வாங்கியது பத்தவில்லை.

செல்வராஜ் வீட்டுப் பத்திரிகை பெரம்பலூரில் அடிக்கிறார்களாம். ஊரிலிருந்து இன்னும் இரண்டு ஆர்டரும் போயிற்று. அடிக்கட்டும். ஓடைக்கு அந்தப் பக்கமிருந்து ஒன்று வந்திருக்கிறது.

குமரேசனிடமிருந்து மெயில். ரொம்ப யோசித்து ஒரு வரி சேர்த்திருக்கிறானாம்: ‘இடது ஓரம் நிற்பவர் மாரிமுத்து.’ மற்றதெல்லாம் பழையபடி. ‘இதுக்கு மேல முடியலக்கா, புரிஞ்சுக்குங்க.’

புரிந்துகொண்டேன். இரண்டு படத்தையும் பிரிண்டரில் போகிற அளவுக்குப் பெரிதாகப் போட்டு, லேமினேட் செய்து, பக்கத்தில் பக்கத்தில் கடை முகப்புக் கண்ணாடியில் ஒட்டினேன், ரோட்டைப் பார்த்து. பழைய படத்துக்குக் கீழே நான் முதலில் எழுதியது முழுதும், ஒரு எழுத்து குறையாமல். ஏணியைப் பிடித்துக்கொண்டது இவர்தான். ‘வலது பக்கம் கொஞ்சம் ஏத்து’ என்றார். தீபாவளியைப் பற்றிப் பேசவில்லை.

மத்தியானம் செல்வராஜின் பைக் கடைக்கு எதிரே மெதுவானது. படிக்கிற நேரம் நின்றது. பிறகு போனது. நான் படத்தைக் கழற்ற எழவில்லை.

சாயங்காலம் அப்பாவுக்கு போன். குமரேசனின் வரியைப் படித்துக் காட்டினேன்.

“நின்னேன்னு போட்டானா? எப்புடி வந்து நின்னேன்னு போடலையா?”

“கடையில நான் போட்டிருக்கேன்ப்பா.”

“எம்மாம் பெருசா?”

“ரோட்டுக்கு அந்தாண்டேருந்து படிக்கலாம்.”

அதை அம்மாவிடம் அப்படியே சொல்வது கேட்டது.

“அந்த சலீம் பேரு?”

“ரெண்டாவது படத்துக்குக் கீழ மொத பேரே அவருதுதான்ப்பா.”

“அப்ப சரி. வையி.”