அம்மாவுக்குப் படிக்க வேண்டாத இடம்

மான்மவுத் ஜங்ஷன்,
பிப்ரவரி 1986

அம்மாவுக்கு ஜம்புவின் நமஸ்காரம். கண் எப்படி இருக்கு? ஆபரேஷன் ஆகிறவரை பர்வதம் அக்காவே இதை உனக்குப் படித்துக் காட்டட்டும். இங்கே முழங்கால் அளவு பனி. மூணு பேரும் சௌக்கியம்.

குழந்தையை டாக்டரிடம் காட்டினோம். "உன் மாமியார் கல்யாணத்துக்கு முன்னாலேயே உனக்குச் சொந்தமா?" என்று அவர் கேட்டார். "என் கூடப்பிறந்த அக்கா" என்றேன். எனக்கு இங்கிலீஷ் புரியவில்லை என்று நினைத்து, மறுபடி மெதுவாகக் கேட்டார்! விசாலம்கூடச் சிரித்துவிட்டாள்.

அக்கா, இந்தப் பாராவை மனசுக்குள் படி. குழந்தைக்குத் தசையெல்லாம் செத்துக்கொண்டு வருகிறது. உட்காரவே மாட்டாளாம். இரண்டு வயசு தாண்டுவது கஷ்டமாம். என்னிடமும் விசாலத்திடமும் ஒரே குறை வெளியே தெரியாமல் இருந்து, இரண்டும் அவளிடம் சேர்ந்துவிட்டதாம். அம்மா வழியாகவோ அப்பா வழியாகவோ எனக்கு வந்தது, உன் வழியாக உன் பெண் விசாலத்துக்கும் வந்திருக்கிறது. யார் மேலும் தப்பில்லை. மருந்தும் இல்லை. உன் சின்னவளை நம் தம்பி சீனுவுக்குக் கல்யாணம் பேசாதே. அம்மா கேட்டால் ஜாதகம் சேரவில்லை என்று சொல்லிவிடு.

இனிச் சத்தமாகப் படி.

அம்மா, வசம்பும் ரசப்பொடியும் அனுப்பு. பேத்திக்குப் பண்ணிவைத்த கொலுசையும் அனுப்பு. மணி நிறைய இருக்கட்டும், அவள் நடந்தால் வீடு பூரா கேட்கணும்.

ஆபீசுக்கு நேரமாச்சு.

ஜம்பு