வாத்துக்குப் பெட்டி அடித்தவனுக்கு

யல்மாரிக்கு அம்மா எழுதுவது. இங்கே நான் நலம், உன் மனைவி ஹில்க்கா நலம், குழந்தையும் நலம். நீ நலமா என்று கேட்க எனக்கு மனசில்லை, நன்றாகத்தான் இருப்பாய்.

பெண் பிறந்திருக்கிறாள் என்று எழுதினேனே, அதற்கு நீ அனுப்பிய இந்தத் தபால் அட்டைதான் பதிலா? நார்வே ஆற்று முகத்துவாரத்தில் மீன் தின்னும் வாத்துகள் ஆயிரக்கணக்கில் மிதக்கின்றன, அத்தனையும் ஆண், சிறகு உதிர்ந்து பறக்க முடியாமல் கிடக்கின்றன, பார்க்க வேடிக்கையாக இருக்கிறது என்கிறாய். எனக்கு வேடிக்கையாக இல்லை. ஏரிக்கரைப் பைன் மரத்தில் நீ அடித்து வைத்த பெட்டியில்தான் அதே சாதிப் பெட்டை ஒன்று முட்டையிட்டது. அதன் ஆண், கரும்பச்சைத் தலையும் வெள்ளை உடம்புமாய் மினுக்கித் திரிந்தது, அவள் அடைகாக்க உட்கார்ந்ததும் போன இடம் தெரியவில்லை. அழகு சோறு போடுமா? அதே வாரம் நிறைமாதக்காரியை விட்டுவிட்டு, சால்மன் மீன் பிடிக்கப் போகிறேன் என்று நீயும் கிளம்பினாய். கடையில் எல்லார் முன்னாலும் கடைக்காரன் பென்ட்டி கேட்கிறான், "என்ன ஆய்லியக்கா, உங்க வீட்டு ஆண் வாத்தும் வடக்கே பறந்துடுச்சாமே?" என்று. காப்பித்தூள் வாங்காமலே திரும்பி வந்தேன்.

பெட்டையின் கதையைக் கேள். தன் நெஞ்சுத் தூவியைப் பிடுங்கி முட்டைக்கு மெத்தை போட்டாள். பொரித்த மறுநாளே குஞ்சுகள் அவ்வளவு உயரத்திலிருந்து பொத்பொத்தென்று குதித்தன. இப்போது சிலதை முதுகில் ஏற்றிக்கொண்டு, சிலுப்பின பழுப்புத் தலையைத் தண்ணீருக்குள் விட்டு மீன் தேடுகிறாள், முங்கினால் வெறும் வாயோடு எழுவது அபூர்வம், ரம்பப் பல் அலகில் சிக்கினது வழுக்காது. படகுத்துறையில் குழந்தையோடு உட்கார்ந்து ஹில்க்கா அதையே பார்க்கிறாள். நேற்று, "அது ஒத்தையாவே வளர்த்துடுது அத்தை, நானும் வளர்த்துடுவேன்" என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு இத்தனை பயம் வந்திருக்காது. வாத்துக்குப் பெட்டி செய்யத் தெரிந்த உனக்குப் பிள்ளைக்குத் தொட்டில் செய்யக் கை வரவில்லையா? உன் மகள் துணிக்கூடையில் தூங்குகிறாள்டா.

ஆகஸ்ட் முதல் ஞாயிறு வீட்டில் ஞானஸ்நானம். போதகர் வாயால் வரும்வரை குழந்தையின் பெயரை யாருக்கும் சொல்வதில்லை, நம் வழக்கம் உனக்குத் தெரியும். எனக்குத் தெரிந்தாலும் எழுத மாட்டேன். வந்து நின்று கேட்டுக்கொள். வராவிட்டால் பிறகும் என் கையால் அந்தப் பெயர் உனக்கு வராது. வாத்துக்குச் சிறகு உதிர்ந்துவிட்டது, உனக்கு என்ன கேடு? பஸ் ஓடுகிறதே.

கடவுள் உனக்கு நல்ல புத்தி கொடுக்கட்டும். கொட்டகையில் தொட்டிலுக்கான பலகை நனையாமல் சாக்குப் போட்டு மூடி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
இன்னும் உன் அம்மாதான்,
ஆய்லி