காலி செய்ய வசதியான வீடு

12 பிப்ரவரி 2006, ஞாயிறு
இன்று யார் வீட்டுச் சாமானையும் தூக்கவில்லை. லீவு போட்டுவிட்டு எனக்கே வீடு பார்க்கப் போனேன். பதினெட்டு வருஷமாக அடுத்தவன் பீரோவை ஒரு மாடியிலிருந்து இறக்கி லாரியில் போட்டு இன்னொரு மாடிக்கு ஏற்றுகிற பிழைப்பு. கல்யாணமாகி நாங்களும் ஒன்பது வாடகை வீடு மாறியாச்சு. போன வாரம் என் பெண்டாட்டி சொல்லிவிட்டாள்: "அடுத்த வீடுதான் கடைசி. அதுக்கப்புறம் என்னை நாலு பேர் தூக்கிட்டுத்தான் போகணும்."

பார்த்த வீடு முதல் மாடி. படிக்கட்டு அகலம் அஞ்சடி! மூணு கதவு பீரோவைத் திருப்பத்தில் சாய்க்காமலே கொண்டு போகலாம். லாரி வாசல் வரை வரும். அவளுக்குக் காய்ச்சல், வரவில்லை. "நீங்க பாத்தா நான் பாத்த மாதிரிதான்" என்று அனுப்பி வைத்தாள். விலை பேசி முடித்துவிட்டேன்.

9 ஏப்ரல்
குடி வந்தாச்சு. ஒன்றரை மணி நேரத்தில் மொத்தச் சாமானும் மேலே. எங்கள் ஆட்களே அசந்துவிட்டார்கள்.

அவள் சமையலறைக்குள் போனாள். போனவள் வரவேயில்லை. எட்டிப் பார்த்தால் பட்டப்பகலில் லைட்டைப் போட்டுக்கொண்டு நிற்கிறாள்.

"இங்க ஜன்னல் எங்கங்க?"

ஜன்னலா? மண்டையைப் போட்டுக் குடைந்தாலும் படிக்கட்டுதான் ஞாபகம் வருகிறது.

"படிக்கட்டு அஞ்சடிம்மா" என்றேன். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

"குடியிருக்க வீடு பாத்தீங்களா, காலி பண்ண வீடு பாத்தீங்களா?"

நான் பீரோவைத் துடைக்கப் போய்விட்டேன்.

10 ஏப்ரல்
பேசவில்லை. அதாவது, அவள் பேசவில்லை. நான் சுவரோடு பேசிக்கொண்டிருக்கிறேன்.

16 ஏப்ரல்
பேசினாள். பேசாமலே இருந்திருக்கலாம். "ரெண்டு வருஷம் பாப்பேன். அதுக்கு மேல இந்தக் குகையில என்னால முடியாது. வித்துட்டு வேற பாருங்க."

அப்போ இதுவும் கடைசி வீடு இல்லையா? ஒரே இடத்தில் இருக்கணும்னு அவ கேட்டது அது ஒண்ணுதானே — அதையும் நானே கெடுத்துட்டேனே! இன்றைக்கு வேலையில் ஒரு பிரிட்ஜைக் கொண்டுபோய்க் கதவு நிலையில் இடித்தேன். இத்தனை வருஷத்தில் இதுதான் முதல் தடவை.

21 மே
கொத்தனாரைக் கூட்டி வந்தேன். சமையலறைச் சுவரைத் தட்டித் தட்டிப் பார்த்தார். "உடைக்கலாம் சார். ஆனா அந்தப் பக்கம் சந்து. நாலடி தள்ளி எதிர் மாடியோட சமையலறை. ஜன்னலைத் திறந்தா அவங்க அடுப்புதான் தெரியும்."

நான் தயங்கினேன். அவள் தயங்கவில்லை. "அடுப்பாவது தெரியட்டும்."

28 மே
உடைத்தாச்சு. சோற்றுப் பானைக்குள்கூடப் புழுதி.

ஓட்டை வழியாக எதிரே ஒரு அம்மா, கண்ணாடி போட்டுக்கொண்டு, கையில் கரண்டியோடு முறைக்கிறார். கணக்கு டீச்சராம். "நல்லாயிருக்கே! இனிமே தலையை வாரிட்டுத்தான் நான் அடுப்படிக்கு வரணுமா?"

"எனக்காக வேண்டாங்கக்கா. நானும் இன்னும் வாரல" என்று சொல்லிவிட்டு இவள் சிரித்தாள். இந்த வீட்டுக்கு வந்து முதல் சிரிப்பு. எனக்கு உயிர் வந்தது.

3 ஆகஸ்ட்
ஜன்னலில் பேச்சு. பேச்சு. பேச்சு. என் சோறு ஆறிப்போச்சு.

17 ஏப்ரல் 2008
ரெண்டு வருஷக் கெடு நேற்றோடு முடிந்தது. ஞாபகப்படுத்த எனக்கென்ன பைத்தியமா? மூச்சே விடவில்லை.

7 நவம்பர் 2014
தரகர் வந்தார். புது அடுக்குமாடியாம். லிஃப்ட் உண்டாம், சமையலறைக்கே ரெண்டு ஜன்னலாம். அரை மணி நேரம் அளந்தார். நான் மெதுவாக அவளைப் பார்த்தேன்.

"அந்த ஜன்னலுக்கு எதிர்ல யார் இருக்காங்க?" என்று கேட்டாள்.

"யாருமில்லம்மா! வெறும் வானம்!" என்றார், பெருமையாக.

"அப்புறம் அங்க நின்னு நான் யார்கிட்ட பேச?"

மனுஷன் காபியைக் குடித்துவிட்டு நடையைக் கட்டினார்.

2 ஜூன் 2023
டீச்சர் போகிறார். தனியாக இருக்க முடியவில்லை, மகன் வந்து கூட்டிப் போகிறான். சாமான் கட்டுகிற வேலையை வேறு கம்பெனிக்கு விட மனசு வரவில்லை. ரிட்டயரான நானே நின்று எல்லாவற்றையும் கட்டிக் கொடுத்தேன். கண்ணாடி டம்ளர்களை இவளும் டீச்சரும் உட்கார்ந்து பேப்பரில் சுற்றினார்கள். லாரி கிளம்பியதும் அவள் அழுதாள். நானும்தான், சொல்ல என்ன வெட்கம்.

5 ஜூன்
மூணு நாளாக ஜன்னலைத் திறக்கவேயில்லை. பதினேழு வருஷம் இவள் இந்த வீட்டில் இருந்தாளா, இல்லை டீச்சருக்காக இருந்தாளா? இன்று காலை கேட்டேவிட்டேன்.

"வித்துட்டு வேற எங்கயாவது போயிடலாமா?"

என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"எதிர்ல நாளைக்குப் புதுசா ஆள் வர்றாங்களாம், சின்னக் குடும்பம். தண்ணி எத்தனை மணிக்கு வரும், குப்பை வண்டி எப்ப வரும்னு அந்தப் பொண்ணு யாரைக் கேக்கும்?"

சொல்லிவிட்டு ஈரத்துணியை எடுத்துக்கொண்டு ஜன்னல் கம்பியைத் துடைக்கப் போனாள். அடுப்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாள். பார்த்துக்கொண்டேன்.