ஐந்தாம் பக்கத்தில் கம்பி

செப்டம்பர் 16, திங்கள்

திண்டுக்கல் கலெக்டர் ஆபீசுக்குப் போய் மனு கொடுத்துவிட்டு வந்தேன். ஆறு பக்கம். மல்லிகைத் தோட்டத்தின் மேல் மின்கம்பி தொங்குகிறது. கை தூக்கினால் பட்டுவிடும். விடியலில் நானும் ஓரகத்தி கண்ணம்மாள் அக்காவும் அதன் கீழ்தான் பூ எடுக்கிறோம். ஆனால் எதையும் விடாமல் சொல்ல வேண்டாமா? மாமனார் பாகம் பிரித்ததிலிருந்து ஆரம்பித்தேன். எந்த வரப்பு யாருடையது என்று மட்டும் இரண்டு பக்கம்.

"இதுல கம்பி எங்கடி இருக்கு?" பஸ்ஸில் என் வீட்டுக்காரர் கேட்டார். ஐந்தாம் பக்கத்தில் என்றேன். சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

செப்டம்பர் 19

மழை. கம்பி இன்னும் இறங்கியதுபோல் இருக்கிறது. பிரமையா?

அக்டோபர் 1, செவ்வாய்

ஐயோ, என்ன காரியம் செய்துவிட்டேன். வரப்பை அளக்க சர்வேயர் வந்து நிற்கிறார். என் மனுவின் முதல் பக்கத்தைப் பார்த்தால் யாருக்கும் நிலத்தகராறு என்றுதானே தோன்றும்?

அக்கா பூக்கூடையைக் கீழே வைத்தாள். "என் நெலத்த அளக்கவா ஆள் விட்ட?"

விளக்க ஆரம்பித்தேன். மாமனார், பாகம், பழைய வரப்பு — பேசப் பேசத் திருடி மாதிரி ஆகிவிட்டேன். பாதியிலேயே போய்விட்டாள். இம்புட்டுப் பேசி என்ன கண்டேன்? இந்த வாய வச்சுக்கிட்டு நான் என்ன பண்ண?

அக்டோபர் 7, திங்கள்

மறுபடி மனு. 'கன்னிவாடி அருகே எங்கள் பூந்தோட்டத்தில் மின்கம்பி கைக்கெட்டும் உயரத்துக்கு இறங்கிவிட்டது. உயிர் போகுமுன் உயர்த்தித் தாருங்கள்.' அவ்வளவுதான். தாளில் பாதிக்கு மேல் வெள்ளை. மரியாதைக் குறைவாகத் தெரிந்தது. கை பரபரத்தது, சேர்க்கவில்லை.

அக்டோபர் 10

லைன்மேன் வந்து பார்த்தார். நடுவில் ஒரு கம்பம் நட்டால்தான் கம்பி நிமிருமாம். அந்த இடம் அக்காவின் நிலம். அவள் சம்மதிக்க வேண்டும் — ஒன்பது நாளாக என் முகத்தைப் பார்க்காதவள். எப்படி ஆரம்பிப்பது? மனசுக்குள் ஐந்து விதமாகப் பேசிப் பார்த்தேன். எல்லாமே நீளம்.

அக்டோபர் 11

காலையில் அக்கா தனியாகக் கம்பிக்கு அடியில் குனிந்து பூ எடுத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் நின்றேன். மாமனாரும் பாகமும் தொண்டை வரை வந்தார்கள். விழுங்கினேன்.

"தப்பு என்னுதுக்கா. கம்பியத் தூக்க ஒன் பக்கத்துல ஒரு போஸ்ட் நடணும்."

அவள் நிமிரவில்லை. இரண்டு செடி தாண்டினாள்.

"எங்க?" என்றாள்.

காட்டினேன். மண்வெட்டியை எடுத்து வந்து, அங்கே நின்ற மல்லிகைச் செடியை அவளே தோண்டி எடுத்தாள்.