உங்கள் வெள்ளைச் சட்டையில் ஒரு குங்குமக் கோடு

மாடியில் வாடகைக்கு இருக்கும் அந்த அம்மாவுக்குத் தியானத்தில் உட்காரக் குட்டைப் பெஞ்சு ஒன்று வேண்டுமாம். காலையில் அதற்குப் பலகை அறுத்தேன். கை கழுவி, காபி குடித்து, இதை எழுத உட்கார்ந்த பிறகும் புடவையில் வேப்பமரத் தூள் வாசனை போகவில்லை. உங்கள் சட்டைகளைத் துவைத்துத் துவைத்துப் பழகிய வாசனை.

தாலுகா ஆபீஸிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு, மேஜை நடுவில் வட்ட ரம்பம் சுற்றும் அந்த மிஷினை வாங்கி, கார் இல்லாத கார் ஷெட்டில் வைத்தீர்கள். தேங்காய் உடைக்கச் சொன்னால் விரலை நசுக்கிக்கொள்ளும் மனிதருக்கு இது தேவையா என்று கத்தினேன். ஆனால் மிஷின் முன்னால் நீங்கள் வேறு ஆள். வாட்ச்சைக் கழற்றுவீர்கள். பலகையின் கடைசி ஒரு சாண் நீளத்தைக் கையால் தள்ள மாட்டீர்கள், அதற்கென்று ஒரு கட்டை வைத்திருந்தீர்கள். நான் கிட்டே வந்தால் முந்தானையைச் செருகச் சொல்வீர்கள். "பலகைக்கு நேரா நிக்காத. திருப்பி அடிச்சா வயித்துலதான் வந்து உழும்."

இவ்வளவு சொன்ன நீங்களும், கேட்ட நானும் கோட்டைவிட்டது அந்த ஆயுத பூஜை அன்றைக்குத்தான். பூஜை போட்டுவிட்டால் மறுநாள் வரை தொடக் கூடாது என்று காலையில் அவசரமாக ஒரு பலகை அறுத்தீர்கள். பாதியில் கரண்ட் போனது. பலகையை உருவி வைத்துவிட்டுக் குளிக்கப் போனீர்கள். சுவிட்ச் போட்டபடியே இருந்தது. கரண்ட்தான் இல்லையே என்று இருவருமே அதைப் பார்க்கவில்லை. பொட்டு வைக்க வாகாக இருக்கட்டும் என்று ரம்பத்தின் மேல்மூடியைக்கூட நீங்களே கழற்றினீர்கள்.

சந்தனம் தடவி, மேலே ஈரக் குங்குமம் வைத்துவிட்டு, பூ எடுக்கத் தட்டுப் பக்கம் திரும்பினேன். கரண்ட் வந்தது. ரம்பம் அலறிக்கொண்டு சுற்றியது. எதிரே கற்பூரத்தோடு நின்ற உங்கள் புதுச் சட்டையில், மார்பிலிருந்து தோள் வரை சிவப்பாக ஒரு கோடு.

சுவிட்சை அணைத்துவிட்டு ஓடி வந்து என் கையைப் பிடித்தீர்கள். ஒவ்வொரு விரலாகத் தொட்டுப் பார்த்தீர்கள். "எல்லாம் இருக்குதா? எல்லாம் இருக்குதா?"

"குங்குமம்ங்க. வெறும் குங்குமம்."

அப்படியே தூளின் மேல் உட்கார்ந்து அழுதீர்கள். கல்யாணமான நாளிலிருந்து நீங்கள் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

மறுவாரமே சுவிட்சை மாற்றினீர்கள். கரண்ட் போய் வந்தாலும் நாமாக அழுத்தினால்தான் ஓடும் என்றார் மாட்ட வந்தவர். அதையும் நீங்கள் நம்பவில்லை. அதன்பின் ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் ப்ளக்கைப் பிடுங்கிக் கையில் தூக்கிக் காட்டுவீர்கள். "தோ, என் கையில இருக்குது. இப்ப வெய்யி." வைத்து முடித்ததும், "வெரல காட்டு." சலித்துக்கொண்டே காட்டுவேன். உள்ளுக்குள் எனக்கு அது பிடித்திருந்தது. அதை ஒருமுறைகூட உங்களிடம் சொல்லவில்லை.

நீங்கள் கண்மூடிய வருடம் வீட்டில் பண்டிகை இல்லை. இந்த வருடம் பூஜைக்கு முன்பே மகன் போன் செய்தான். "வித்துடலாம்மா. தனியா இருக்கற, கை கிய்யி போச்சுன்னா யாரு பாக்கறது?" அவன் பயம் நியாயம்தான். பூஜை முடியட்டும் என்றேன்.

ப்ளக்கைப் பிடித்துக்கொள்ள ஆள் இல்லை. சாவிக்கொத்து செருகும் இடுப்பில் அதைச் செருகிக்கொண்டேன். குங்குமத்தை நான் தொடலாமா என்று கேட்கவும் அங்கே ஆள் இல்லை. பொட்டு வைத்துவிட்டு, பழக்கத்தில் கையை விரித்து நீட்டினேன். நீட்டிய பிறகுதான் உறைத்தது. வெகுநேரம் அழுதேன். மகனிடம் விற்கவில்லை என்று சொல்லிவிட்டேன். நீங்கள் சொன்னதையெல்லாம் நினைவில் வைத்து நானே அறுக்கப் பழகிக்கொண்டேன்.

இன்றும் அறுத்து முடித்து, ப்ளக்கைப் பிடுங்கி இடுப்பில் செருகிக்கொண்டு, என் விரல்களை நானே ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தேன்.

எல்லாம் இருக்குதுங்க.