உங்கட செத்தவீட்டில நான் ஏன் ஒதுங்கி நிண்டனான்

என்ர மச்சாள், போன இடத்திலயாவது காலை நீட்டிப் படுக்கிறியளோ? இஞ்ச இருக்கேக்க உங்களுக்கு அதுக்கு நேரம் கிடைக்கேல்லை.

பெரிய புதினம் ஒண்டுமில்லை. என்ர மனுசன், உங்கட தம்பி, வழமை போல டொக்யாட்டுக்கு வேலைக்குப் போறார், வாறார். பாணுக்கு இன்னும் கியூதான். துறைமுகத்தில மாக் கப்பல் நிக்குதாம், மா மட்டும் கடைக்கு வந்து சேரக் காணேல்லை. நான் கியூவுக்குப் போறதை விட்டிட்டன். நீங்கள் இருக்கேக்க என்ர இடப்பக்கம் வந்து, ஆரும் முட்டாமல் முழங்கையை விரிச்சுக்கொண்டு நிப்பியள். இப்ப ஆர் நிப்பினம்?

நோ அப்பிடியேதான் இருக்குது. அக்கி வந்து ரெண்டு வருசம் ஆகப்போகுது. கொப்புளம் காய்ஞ்சு, தழும்பும் மங்கிப் போச்சுது. ஆனா முதுகில துவங்கி இட விலாவைச் சுத்தி, காய்ச்சின கம்பியால இழுத்த மாதிரி எரிவு மட்டும் போகேல்லை. சேலைத் தலைப்பு உரசினாலே உயிர் போகுது. பார்க்கிறவைக்கு ஒண்டும் தெரியாது, அதுதான் பெரிய கரைச்சல். வைத்தியம் பார்த்த பரியாரியார் வருத்தம் மாறீட்டுது எண்டிட்டார். உங்கட தம்பியும் மாறினதை நினைச்சுக்கொண்டு இராதையப்பா எண்டார். நல்ல மனுசன்தான், ஆனா விளங்கேல்லை. நீங்கள்தான் ஒரு கேள்வியும் கேளாமல் அவற்ற பழைய சாரத்தைக் கிழிச்சு, சட்டைக்குள்ள வைக்க மெத்தெண்டு தைச்சுத் தந்தனீங்கள்.

உங்கட செத்தவீட்டுக்கு நான் வந்தனான், மச்சாள். படலையைத் திறக்கேக்கயே பொம்பிளையள் உங்களைச் சுத்தி இருந்து குழறுகினம். வாற ஒவ்வொருத்தியையும் இழுத்துக் கழுத்தைக் கட்டி அழுகினம். எங்கட ஆக்களைத் தெரியும்தானே, எவ்வளவு இறுக்கிப் பிடிக்கினமோ அவ்வளவு பாசம். உங்கட மகள் வதனா என்னைக் கண்டிட்டு, ரெண்டு கையையும் விரிச்சுக்கொண்டு ஓடி வந்தவள். நான் கையை நீட்டித் தடுத்துப் பின்னுக்குப் போயிட்டன். தாயைப் பறிகுடுத்த பிள்ளையை! எல்லாரும் பார்த்தவை.

பிறகு சவம் எடுக்குமட்டும் கிணத்தடியில தனிய நிண்டனான். உங்கட முகத்தைக்கூடக் கிட்ட வந்து பார்க்கேல்லை. கல்நெஞ்சுக்காரி எண்டு என்ர காது கேட்கவே கதைச்சவை. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி அண்டைக்கு வதனா எனக்குச் சோறு போட்டவள், முகம் பார்க்கேல்லை. அதோட அவளின்ர ஊர் சல்லியில இருந்து இந்தப் பக்கம் அவள் வரவேயில்லை. எனக்கும் போகப் பயம். மார்புக்குக் கீழ இருக்கிற நோவை என்னெண்டு எடுத்துச் சொல்லுறது? சொன்னாலும் ஆர் நம்புவினம்?

போன மாசம் பெரியாஸ்பத்திரிக்குத் தனியப் போனனான். புதுசா வந்த ஒரு டொக்டரம்மா, துணி பட்டாலும் நோகுதோ எண்டு கேட்டா. நான் சொல்லமுதல் அவவே கேட்டிட்டா மச்சாள்! கதிரையில இருந்தபடியே அழுதிட்டன். இது மனப்பிரமை இல்லையாம். அக்கி போனாலும் நரம்பில பட்ட காயம் கெதியில ஆறாதாம், சிலருக்கு முழுசா மாறாமலும் இருக்குமாம். குளிசை தந்தா. அதைப் போட்டா எரிவு கொஞ்சம் தணியுது, நித்திரையும் வருது. தனிய இருந்து சமாளிக்கிற வருத்தம் இல்லை இது, அடுத்த கிளினிக்குக்கு வீட்டு ஆள் ஒராளைக் கூட்டிக்கொண்டு வாங்கோ எண்டா. உங்கட தம்பி நம்பமாட்டார், வேற ஆர் இருக்கினம் எண்டு யோசிச்சு யோசிச்சு, கடைசியில சல்லி பஸ்ஸில ஏறிட்டன்.

வதனா வீட்டு முத்தத்தில மீன் காயப்போட்டுக்கொண்டு நிண்டவள். வாங்கோ எண்டு சொல்லேல்லை. நானும் இருக்கேல்லை, நிண்டபடியே சொன்னன்.

"அண்டைக்கு நான் உன்னைத் தள்ளேல்லை பிள்ளை. என்னைத் தொட ஏலாது."

மிச்சத்தையும் ஒரு மூச்சில கொட்டித் தீர்த்தன். கையில இருந்த மீனைக் கீழ வைச்சாள். அம்மாவுக்குத் தெரியுமோ எண்டு கேட்டாள். ஓம், ஒருத்தருக்கும் சொல்லவேண்டாம் எண்டு நான்தான் சத்தியம் வாங்கினனான் எண்டன். அவள் கையைத் துடைச்சுக்கொண்டு கிட்ட வந்தாள்.

"எந்தப் பக்கம் மாமி நோகாது?"

வலப்பக்கத்தைக் காட்டினன். அந்தப் பக்கமா வந்து, என்ர தோளில முகத்தை வைச்சு மெல்லமாப் பிடிச்சாள். உங்களுக்காக நான் அண்டைக்குத்தான் மச்சாள் அழுதனான்.

கிளினிக்குக்கு வாறன் எண்டிருக்கிறாள். எண்டாலும் அவர் வேலைக்குப் போனாப் பிறகு வீடு வெறிச்செண்டுதான் கிடக்குது. வதனாவுக்கு நான் விளங்கப்படுத்த வேணும், உங்கட தம்பிக்கு டொக்டரம்மா விளங்கப்படுத்த வேணும். உங்களுக்கு ஒருத்தரும் ஒண்டும் சொல்லத் தேவையிருக்கேல்லை. அப்பிடி ஒராள் இனி எனக்கு எங்க?

வதனாவை நினைச்சுக் கவலைப்படாதேங்கோ. அவளுக்கு உங்கட நினைப்பு வந்து அழுதா, நான் பிடிச்சுக்கொள்ளுவன். ஒரு கையாலதான் ஏலும் மச்சாள். ஆனா இறுக்கிப் பிடிப்பன்.

உங்கட தம்பியின்ர மனுசி,
உங்கட மச்சாள் தவம்