தாயின் தொழில்

என் மேதாவி மகளே,

நீ விடுமுறைக்கு வந்து விட்டுப்போன பெட்டியைத் துழாவினேன். வெட்கமாகத்தான் இருக்கிறது. பணமில்லாததால் வேதியியல் படிப்பை நிறுத்துவதாக நீ கல்லூரிக்கு எழுதி அதில் வைத்திருந்த கடிதத்தைக் கிழித்துப் போட்டேன். அதற்கு வெட்கமில்லை.

அடியில் நம் ஊர் அறக்கட்டளையின் உதவித்தொகை விண்ணப்பம் கிடந்தது. கையெழுத்து வரை போட்டவள், ‘தாயின் தொழில்’ என்ற இடத்தைக் காலியாக விட்டிருந்தாய். ‘ஆஸ்பத்திரிக் கழிவறை கழுவுபவள்’ என்று கொட்டை எழுத்தில் நிரப்பி, கடைசி நாளான இன்று நானே கொண்டுபோனேன்.

“பொண்ணு வரலையாம்மா?” என்றார் குமாஸ்தா.

“அவ லேப்ல ஆசிட் ஊத்திட்டிருக்கா சார். எங்க குடும்பத் தொழிலாச்சே!”

சிரித்துக்கொண்டே முத்திரை குத்தினார். செவ்வாய்க்கிழமை நேர்காணல். தலை நிமிர்ந்து வந்து சேரடி.

இப்படிக்கு,
உன்னைப் பெற்றவள்

பின்குறிப்பு: உன் படம் கிடைக்காததால் புகைப்படக் கட்டத்தில் என் படத்தை ஒட்டிவிட்டேன். முத்திரை மூக்கின்மேல் விழுந்திருக்கிறது.